இடுக்கண் வேளையில் ஒப்புவித்தல்



பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழ்கின்ற நமக்கென்று தனிப்பட்ட துன்பம் ஒன்று உண்டு. உற்றார் உறவினரைப் பிரிந்திருப்பது மாத்திரமே அத்துன்பம் என்று சொல்வதற்கில்லை. ஊரில் நம்முடையவர்களுக்கு ஏதேனும் நேருகின்ற வேளையில் நாம் அருகில் இல்லாமற் போவதே அதனினும் பெரிது. நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கிறது. தந்தையாரை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் செய்தி வருகிறது. தில்லியிலிருந்து ஊர் போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ரயிலில் செல்ல வேண்டும். விமானத்தில் செல்வதாயினும் விடியும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். அந்த இரவு முழுவதும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஆயினும் உறக்கமும் இல்லை. இத்தகைய இரவொன்றை அறியாத குடும்பம் நம்மிடையே அரிது.

கிறிஸ்தவக் குடும்பங்களில் அவ்வேளையில் ஆறுதல் கூற வருவோர், "எல்லாவற்றையும் கர்த்தரிடம் விட்டுவிடுங்கள்" என்பார்கள். நல்லெண்ணத்துடன் கூறப்படும் சொல்தான். எனினும் துன்பத்தில் இருப்பவர் காதில் அது சில வேளைகளில் வேறு விதமாக ஒலிக்கிறது. எதை விடுவது? எப்படி விடுவது? விட்டுவிட்டால் மருத்துவரை அழைப்பவர் யார்? பணம் திரட்டுபவர் யார்? கடவுளை நம்புவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? இக்கேள்விகளை வாய் விட்டுக் கேட்கப் பலர் அஞ்சுகின்றனர். கேட்டால் தம் விசுவாசம் குறைவுபட்டதென்று பிறர் எண்ணுவரோ எனத் தயங்குகின்றனர். அக்கேள்விகளுக்குக் கிறிஸ்தவ மரபு என்ன விடை கூறுகிறது என்பதை இப்பேச்சில் ஒரு வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வோம்.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்குச் சொற்களில் கவலை சற்று அதிகம். ஆதலின் முதலில் சொற்களையே எடுத்துக்கொள்கிறேன். தமிழில் கைவிடுதல், விட்டுவிடுதல், ஒப்புவித்தல் என மூன்று சொற்கள் உள்ளன. மூன்றிலும் ஒரு பொருள் நம் கையை விட்டு நீங்குகிறது. ஆயினும் மூன்றும் ஒன்றல்ல. கைவிடுதல் என்பது இனி எனக்கு வேண்டாம் என்று துறப்பது. அங்கே அன்பு அற்றுப் போகிறது. விட்டுவிடுதல் என்பது பிடியைத் தளர்த்துவது. பொருள் எங்கே போகிறது என்பதைப் பற்றி அச்சொல் ஒன்றும் கூறுவதில்லை. ஒப்புவித்தலோ, பொருளின் அருமையை அறிந்து, அதைத் தம்மினும் வல்லவர் ஒருவர் கையில் சேர்ப்பது. தன் பிள்ளையை முதன்முதலாக ஆசிரியரிடம் ஒப்புவித்துவிட்டுப் பள்ளி வாயிலில் நிற்கின்ற தாய், பிள்ளையைக் கைவிட்டவள் அல்லள். சிலுவையில் இயேசுநாதர் இறுதியாகத் தம் ஆவியைப் பிதாவின் கைகளில் சேர்த்த இடத்தில் தமிழ் வேதாகமம் ஆளுகின்ற சொல் ஒப்புவித்தல் என்பதே.

மூல மொழிகளும் இவ்வேறுபாட்டை உணர்த்துகின்றன. சங்கீதங்களுள் நாற்பத்தாறாவது, பூமி நிலை மாறி, கடல் கொந்தளித்து, இராச்சியங்கள் தத்தளிக்கும் வேளையைப் பாடுவது. அதன் இறுதிப் பகுதியில், அமைதியாயிருந்து தம்மைக் கடவுள் என்று அறியும்படி இறைவன் கட்டளையிடுகிறார். அமைதியாயிருத்தல் என்று நாம் பொருள்கொள்ளும் அவ்விடத்தில் உள்ள எபிரேய வினை, இறுகப் பற்றிய கையைத் தளர்த்து என்ற பொருளை அடியாகக் கொண்டது. போர்வில்லை முறிப்பதைப் பற்றிய வரிக்கு அடுத்து அக்கட்டளை வருகிறது என்பதும் கருதத்தக்கது. அமைதி நிலவும் சோலையில் கூறப்பட்ட சொல் அன்று அது. அமளியின் நடுவே கூறப்பட்டது. இனி, கவலைகளைக் கடவுள்மேல் வைத்துவிடும்படி பேதுரு அப்போஸ்தலர் தம் முதல் நிருபத்தில் கூறுமிடத்தில் உள்ள கிரேக்க வினை, ஒரு பொருளைத் தூக்கி மற்றொன்றின் மேல் போடுவதைக் குறிப்பது. இயேசுநாதர் எருசலேமுக்குள் செல்கையில் சீடர்கள் தம் ஆடைகளைக் கழுதைக்குட்டியின் மேல் போட்டார்கள் என்ற இடத்திலும் லூக்கா அவ்வினையையே ஆள்கிறார்.

நம் ஊர்ப் பாதைகளின் ஓரத்தில் முற்காலத்தில் நடப்பட்ட சுமைதாங்கிக் கற்களை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். தலையில் பாரத்துடன் நெடுந்தூரம் நடந்து வருபவர், பிறர் துணையின்றியே அதைத் தோளுயரக் கல்லின்மேல் இறக்கிவைத்து இளைப்பாறுவார். பாரத்தை அவர் எறிந்துவிடவில்லை. வழியிலே போட்டுவிட்டு ஓடவும் இல்லை. கல் தாங்குகிறது; மனிதர் மூச்சு வாங்குகிறார்; பின்னர் நடை தொடர்கிறது. ஒப்புவித்தல் என்பதன் இயல்பை இக்கல் ஒருவாறு விளக்குகிறது.

சொல்லாராய்ச்சி இவ்வளவில் நிற்க. இச்சொல் ஒரு மனிதரின் வாழ்க்கையில் எவ்வாறு பொருள் பெற்றது என்பதைக் காண நாம் வங்காளத்துக்குச் செல்ல வேண்டும். கல்கத்தாவுக்கு வடக்கே சுமார் இருபத்து நான்கு கிலோமீட்டர் தொலைவில், ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஸ்ரீராம்பூர் என்னும் நகரம் இருக்கிறது. ஹௌராவிலிருந்து பாண்டேல் செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால் அங்கே இறங்கலாம். 1845 வரை அது டென்மார்க் அரசினரின் வசத்தில் இருந்தது. நம் தரங்கம்பாடியும் அவ்வாறே. 1800ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவ்வூருக்கு வந்து சேர்ந்தவர் வில்லியம் கேரி. இங்கிலாந்தில் செருப்புத் தைக்கும் தொழிலில் பயின்று, தம் முயற்சியாலேயே பல மொழிகளைக் கற்று, 1793ஆம் ஆண்டு நவம்பரில் வங்காளம் வந்த பாதிரியார் அவர். ஆசிரியரான ஜோஷுவா மார்ஷ்மன், அச்சுத் தொழில் அறிந்த வில்லியம் வார்டு ஆகிய இருவரும் அவருடன் ஸ்ரீராம்பூரில் ஒரே குடும்பம்போல் வாழ்ந்து உழைத்தனர். 1801இல் வங்காளிப் புதிய ஏற்பாடு அவர்கள் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மொழியாசிரியராகவும் கேரி அமர்ந்தார். வாரத்தில் சில நாட்கள் கல்கத்தாவிலும் மற்ற நாட்கள் ஸ்ரீராம்பூரிலுமாக அவர் வாழ்க்கை நடந்தது.

1812ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், புதன்கிழமை. மாலை ஆறு மணியளவில் வார்டு அச்சகத்தில் தம் மேசையருகே அமர்ந்திருந்தார். கட்டடத்தின் மறுகோடியில், அச்சுத்தாள் அடுக்கியிருந்த பகுதியிலிருந்து புகை எழுவதைக் கண்டார். அவர் நிதானம் இழக்கவில்லை. காற்று புகாதபடி கதவுகளையும் சன்னல்களையும் அடைக்கச் செய்தார். கூரையில் துளையிட்டு, தீயிருந்த இடத்தில் நீரைக் கொட்டுவித்தார். சில மணி நேரம் தீ அடங்கிக் கிடந்தது. பின்னர், உதவி செய்ய வந்த கூட்டத்தில் யாரோ ஒருவர் அறியாமையால் சன்னலைத் திறந்துவிட்டார். காற்றுப் புகுந்தது, நெருப்பு நெடுகப் பாய்ந்தது. நள்ளிரவில் கூரை இடிந்து விழுந்தது. உயிர்ச் சேதம் இல்லை. அடுத்த அறையில் இருந்த அச்சுப்பொறிகள் தப்பின. மற்றவை பெரும்பாலும் சாம்பலாயின.

அவ்விரவில் கேரி எங்கே இருந்தார்? கல்கத்தாவில் இருந்தார். இருபத்து நான்கு கிலோமீட்டர் தொலைவில் தம் பல்லாண்டு உழைப்பு எரிந்துகொண்டிருக்க, அதை அறியாமலே அவர் இரவைக் கழித்தார். மறுநாட் காலையில் மார்ஷ்மன் கல்கத்தாவுக்குச் சென்று செய்தியை நேரிற் கூறினார். வெளியூரில் வாழும் நமக்கு இந்த ஒரு செய்தியே கேரியை மிக அண்மையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவரும் அவ்வேளையில் அருகில் இல்லாதவர்தாம்.

எரிந்தவை யாவை? ஏராளமான அச்சுத்தாள், பல இந்திய மொழிகளுக்கென வார்த்து அடுக்கிய ஈய எழுத்துக்கள், இலக்கண நூல்களின் கையெழுத்துப் படிகள், இராமாயண மொழிபெயர்ப்பின் ஒரு பகுதி, வேதாகம மொழிபெயர்ப்புப் படிகள். அவற்றுள் கேரிக்கு மிக அருமையானது, வடமொழியோடு உறவுடைய இந்திய மொழிகளின் சொற்களை ஒருங்கே திரட்டி அவர் ஆண்டுக்கணக்கில் அமைத்துவந்த பன்மொழி அகராதி. நமக்கும் இதில் தொடர்பு உண்டு. ஃபப்ரிஷியஸ் பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டை மீண்டும் அச்சிடும் பொறுப்பை அவ்வச்சகம் அப்போது ஏற்றிருந்தது. அதற்கென வார்த்த தமிழ் எழுத்துக்களும் அத்தீயில் உருகின.

கையெழுத்துப் படி அழிவது என்றால் என்னவென்பதை என் தொழிலில் ஓரளவு உணர்ந்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் மூன்று வாரம் முயன்று மொழிபெயர்த்த அறிக்கை ஒன்று, கணினிப் பழுதினால் ஒரு பிற்பகலில் மறைந்துவிட்டது. வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. இத்தனைக்கும் அஃது அரசாங்க அறிக்கை. யாரும் அதைப் படித்துக் கண்ணீர் விடப் போவதில்லை. மூன்று வாரத்து உழைப்புக்கே மனம் அவ்வளவு சோர்ந்ததென்றால், பல்லாண்டுகளை ஓர் இரவில் இழந்தவர் நிலையை ஒருவாறு எண்ணிப் பார்க்கலாம்.

செய்தி கேட்ட கேரி கலங்கினார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பல்லாண்டு உழைப்பு ஒரு சிறு மாலைப்பொழுதில் எரிந்து போயிற்றே என்று தம்மைக் காண வந்த நண்பரான கல்கத்தாக் குருவானவரிடம் அவர் வருந்தினார். நண்பரும் உடன் கண்ணீர் வடித்தார். இழப்பு இழப்பே அன்று என்று அவர் நடிக்கவில்லை. விசுவாசம் உள்ளவர் அழலாகாது என்று ஒரு தவறான எண்ணம் நம்மிடையே உலவுகிறது. வேதாகமத்தில் அதற்கு ஆதாரம் இல்லை. யோபு புலம்பினார். சங்கீதங்களிற் பல முறையீடுகளே. லாசருவின் கல்லறை அருகே இயேசுநாதரே கண்ணீர் விட்டார். உணராத துன்பத்தை ஒருவர் எவ்வாறு ஒப்புவிக்க இயலும்? பாரம் தலையில் இருப்பதை ஒப்புக்கொண்டவரே அதை இறக்கிவைக்க இடம் தேடுவார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேரி பிரசங்கம் செய்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பகுதி, நாம் மேலே கண்ட நாற்பத்தாறாம் சங்கீதத்தின் அவ்வசனமே. அதிலிருந்து அவர் இரண்டு கருத்துக்களை விரித்தார். தம் மக்களைத் தம் விருப்பப்படி நடத்தும் உரிமை கடவுளுக்கு உண்டு என்பது ஒன்று. அவர் செய்வதற்கும் நம்மைக் கொண்டு செய்விப்பதற்கும் மனமொத்து இசைவது மனிதரின் கடமை என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது கருத்தில் இரு பகுதிகள் இருப்பதைக் கவனியுங்கள். கடவுள் செய்வதற்கு இசைவது பாதி. நம்மைக் கொண்டு செய்விப்பதற்கு இசைவது மறுபாதி. முதற் பாதியை மாத்திரம் எடுத்துக்கொள்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். இரண்டையும் சேர்த்துக்கொள்பவர் எழுந்து வேலை செய்வார்.

ஸ்ரீராம்பூரில் நடந்தது இரண்டாவதே. சாம்பல் ஆறுவதற்குள் வார்டும் மற்றவர்களும் இடிபாட்டைக் கிளறத் தொடங்கினர். அப்போது ஒரு நற்செய்தி கிடைத்தது. அதை விளங்கிக்கொள்ள அந்நாளைய அச்சுத் தொழிலைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். எழுத்தின் உருவத்தை முதலில் எஃகுத் துண்டொன்றின் முனையில் செதுக்குவர். அவ்வெஃகைச் செப்புத் தகட்டில் அடித்துப் பள்ளமாக்குவர். அப்பள்ளத்தில் உருக்கிய ஈயக் கலவையை வார்த்து, வேண்டிய அளவு எழுத்துக்களை எடுப்பர். எஃகில் செதுக்குவதே காலமும் கைத்திறமும் மிகுதியாக வேண்டும் பகுதி. பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளத்துக் கொல்லரும், அவருக்குப் பின் அவர் மருமகன் மனோகரும் அப்பணியில் வல்லவர்கள். தீயில் உருகியவை ஈய எழுத்துக்கள். எஃகு அச்சுகளோ இடிபாட்டுக்குள் சேதமின்றிக் கிடந்தன. உருகி ஓடிய ஈயத்தையும் கட்டியாகத் திரட்டி எடுத்தார்கள். அதே ஈயத்தைக் கொண்டு, அதே எஃகிலிருந்து, எழுத்து வார்க்கும் வேலை உடனே தொடங்கியது. சில மாதங்களுக்குள் பல மொழிகளில் அச்சு வேலை மீண்டும் நடந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாடும் 1813இல் அங்கிருந்து வெளிவந்தது.

கேரி தம் பண்டிதர்களுடன் அமர்ந்து, எரிந்த மொழிபெயர்ப்புக்களை மறுபடியும் எழுதலானார். ஒரு முறை நடந்த பாதையில் இரண்டாம் முறை செல்வது எளிது என்றும், புதிய மொழிபெயர்ப்பு முன்னதைவிடத் திருத்தமாக அமையும் என்றும் நம்பினார். இங்கிலாந்துக்குச் செய்தி எட்டியதும் பல சபைகளைச் சேர்ந்தோர் பொருள் திரட்டினர். இரண்டு மாதங்களுக்குள்ளாகவே இழப்புக்கு ஈடான தொகை சேர்ந்துவிட்டது. பிறர் நீட்டும் கையைப் பற்றிக்கொள்வதும் ஒப்புவித்தலில் அடங்கும். கடவுளை நம்புகிறேன், ஆதலின் மனிதரிடம் உதவி பெறமாட்டேன் என்பது பல வேளைகளில் விசுவாசம் அன்று. தன்மானம் விசுவாசத்தின் ஆடையை உடுத்து வருவதே.

இவ்வரலாற்றை இவ்விடத்திலேயே முடித்துவிட்டால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். இழந்தவை யாவும் இரட்டிப்பாகத் திரும்பின என்று சொல்லிவிடலாம். ஆனால் அஃது உண்மை ஆகாது. அந்தப் பன்மொழி அகராதி மீண்டும் உருப்பெறவில்லை. அதனைத் திரும்ப எழுதி முடிக்கக் கேரியால் இயலவில்லை. 1834ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 9ஆம் நாள் அவர் ஸ்ரீராம்பூரில் காலமானார். அகராதி சாம்பலோடு போனதுதான். ஒப்புவித்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுப்பவர் கிறிஸ்தவ விசுவாசத்தை வாணிபமாக மாற்றுகிறார். கொடுத்த முதலுக்கு வட்டி எதிர்பார்ப்பது ஒப்புவித்தல் அன்று. திரும்பினும் திரும்பாவிடினும், சேர்த்த கை நல்ல கை என்று நம்புவதே அது.

இன்னும் கடினமான பக்கம் ஒன்றும் கேரியின் வாழ்க்கையில் உண்டு. கேரியின் மனைவி டாரதி அம்மையார் இந்தியா வர முதலில் மறுத்தவர். பின்னர்த் தம் சகோதரியும் உடன் வருவதாயின் வருவதாக இசைந்து, கைக்குழந்தையுடன் கப்பலேறியவர். வந்த மறு ஆண்டு, 1794இல், அவர்களுடைய ஐந்து வயது மகன் பீட்டர் நோயினால் இறந்தான். அதன்பின் அம்மையாரின் மனம் நோயுற்றது. 1807ஆம் ஆண்டு டிசம்பரில் இறக்கும் வரை, ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள், அவர் அந்நிலையிலேயே இருந்தார். அடுத்த அறையில் அவர் துன்புற்றிருக்க, கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

இதைக் கேரியின் பொறுமைக்குச் சான்றாக மாத்திரம் சொல்வோர் உண்டு. எனக்கு அது நிறைவளிப்பதில்லை. தம்மையும் தம் உழைப்பையும் ஒப்புவிக்க ஒருவருக்கு உரிமை உண்டு. பிறர் வாழ்க்கையை அவர்க்காக ஒப்புவித்துவிட எவர்க்கு உரிமை? அம்மையாரின் விருப்பத்தையும் அச்சத்தையும் அந்நாளில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்? பொருளீட்டவோ பணி நிமித்தமோ குடும்பத்துடன் தொலைவிடங்களுக்கு வந்திருக்கும் நாமும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மொழி தெரியாத ஊரில், பேச்சுத் துணையின்றி நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் மனைவியிடமோ முதிய தாயாரிடமோ, "கடவுளிடம் விட்டுவிடு" என்று கூறிவிட்டு அலுவலகம் செல்வது எளிது. அச்சொல்லைப் பிறருக்கு அறிவுரையாக வழங்குமுன் அவர்கள் பாரத்தில் ஒரு முனையை நாம் பிடித்திருக்க வேண்டும். மனநோய் ஏற்பட்டால் அது விசுவாசக் குறைவு அன்று. மருத்துவரிடம் காட்டி ஆற்ற வேண்டிய நோயே. அந்நாளில் இல்லாத மருத்துவ வசதி இந்நாளில் உண்டு. அதை நாடுவது நம்பிக்கைக்கு மாறானதாகாது.

ஒப்புவித்தலுக்குக் கிறிஸ்தவர்கள் தலையாய சான்றாகக் கொள்வது கெத்செமனே தோட்டத்து இரவு. மறுநாள் வரப்போகும் சாவை அறிந்த இயேசுநாதர், அத்துன்பப் பாத்திரம் தம்மை விட்டு நீங்குமாறு முதலில் வேண்டினார். அதன்பின்னரே, தம் சித்தப்படி அன்று, பிதாவின் சித்தப்படியே ஆகுக என்று அமைந்தார். அவ்வேண்டுதலை ஒரு முறை கூறி அவர் எழுந்துவிடவில்லை. மும்முறை வேண்டினார் என்று மத்தேயு கூறுகிறார். நண்பர்கள் விழித்திருந்து உடனிருக்கவேண்டும் என்றும் விரும்பினார், அவர்கள் உறங்கிவிட்டனர். பாத்திரமும் நீங்கவில்லை. ஆயினும் எழுந்து எதிர்கொள்ளும் வலிமை கிடைத்தது. ஒப்புவித்தலின் ஒழுங்குமுறை இதில் முழுவதும் இருக்கிறது. விருப்பத்தை மறைக்காமல் கூறுவது, துணையைத் தேடுவது, திரும்பத் திரும்ப வேண்டுவது, முடிவைப் பிதாவின் கையில் வைப்பது, பிறகு எழுந்து நடப்பது. ஒரே நாளில் ஒரே முயற்சியில் கைவருவது அன்று இது. காலையில் இறக்கிவைத்த கவலை மாலையில் மறுபடியும் தலையில் ஏறியிருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். மறுபடியும் இறக்கிவைக்க வேண்டியதுதான். அதனால் வெட்கப்பட வேண்டுவதில்லை.

நம் நாட்டுப் பிற சமய மரபுகளும் அடைக்கலம் புகுதலை அறிந்தவை. வைணவப் பெரியோர், தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும், தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியையும் உவமை காட்டி, அடியவரின் முயற்சி எவ்வளவு, இறையருள் எவ்வளவு என்று நுணுக்கமாக ஆராய்ந்திருக்கின்றனர். கிறிஸ்தவ மரபிலும் அவ்வாராய்ச்சி நெடுங்காலமாக உண்டு. எவ்வழியிலாயினும், நம்பிக்கை சோம்பலுக்குப் பெயராதல் கூடாது என்பதைப் பெரியோர் பலரும் வற்புறுத்துகின்றனர்.

இனி, தொடக்கத்தில் கண்ட அந்த இரவுக்கு வருவோம். தொலைபேசியில் செய்தி வந்துவிட்டது. விடிவதற்கு ஐந்து மணி நேரம் இருக்கிறது. அவ்வேளையில் நம் கையில் இருப்பவை சில உண்டு: பயணச்சீட்டுக்கு வழி தேடுவது, ஊரில் அருகிலுள்ள உறவினரையோ நண்பரையோ மருத்துவமனைக்குப் போகச் சொல்வது, தம்பியிடமோ தங்கையிடமோ நாலு வார்த்தை தைரியமாகப் பேசுவது, கையில் உள்ள பணத்தை எண்ணிப் பார்ப்பது. இவற்றைச் செய்ய ஒரு மணி நேரம் போதும். எஞ்சிய நான்கு மணி நேரமும் நம் கையில் இல்லாதவற்றுக்கு உரியவை. அவற்றைத்தான் ஒப்புவிக்க வேண்டும். தந்தையாரின் மூச்சு நம் கையில் இல்லை. மருத்துவரின் அறிவு நம் கையில் இல்லை. நாம் போய்ச் சேருமுன் என்ன நிகழும் என்பதும் நம் கையில் இல்லை. பிதாவே, இவை உம் கையில் இருக்கின்றன என்று நம் சொந்தச் சொற்களிலேயே கூறலாம். அழுதுகொண்டே கூறினாலும் குற்றம் இல்லை. கூறியபின் முடிந்தால் சிறிது நேரம் படுத்துறங்கலாம். விடிந்ததும் நடக்க வேண்டிய வழி நீண்டது. போய்ச் சேர்வதற்குள் அவர் கண் மூடிவிட்டாலும், அவர் தனியே இறந்தார் என்று கிறிஸ்தவர் எண்ண வேண்டுவதில்லை. நாம் இல்லாத இடத்திலும் இருக்கின்றவரிடத்தில் அன்றோ அவரை ஒப்புவித்தோம்!

கல்கத்தாப் பகுதியில் வாழும் நேயர்கள் ஓய்வுநாளொன்றில் ஸ்ரீராம்பூருக்குச் சென்று வரலாம். கேரியும் அவர் நண்பர்களும் 1818இல் நிறுவிய கல்லூரி ஆற்றை நோக்கி இன்றும் நிற்கிறது. அவ்வூரிலேயே கேரியின் கல்லறையும் உண்டு. நெருப்பு அழித்த ஆண்டுக்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த கல்லூரி அது. அகராதி திரும்பவில்லை, ஆனால் உழைத்த கை ஓயவில்லை. இன்று இரவு நம்மில் யாருக்கேனும் அத்தகைய செய்தி வருமாயின், நம் கையில் உள்ளதை நாம் செய்வோம், மற்றதை ஒப்புவிப்போம்.